திறைக் கப்பலில் வந்த கை

கராத்தே என்றால் 'வெறுங்கை' என்று பொருள் என்பார்கள். நம் ஊர் வகுப்புகளிலும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான். ஆனால் இந்தப் பொருள் ஊரறிய நிலைபெற்று இன்னும் நூறாண்டு ஆகவில்லை. 1936 அக்டோபர் 25 அன்று ஒக்கினாவாத் தீவின் நாஹா நகரில், உள்ளூர் நாளிதழ் ஒன்று கூட்டிய கூட்டத்தில் மூத்த ஆசான்கள் உட்கார்ந்து பேசி, 'வெறுமை'யைக் குறிக்கும் எழுத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்பு பெரும்பாலும் எழுதிவந்தது வேறோர் எழுத்து. அது சீனத்தின் தாங் அரசமரபைக் குறிக்கும். தீவின் வழக்கில் சீனா முழுவதையுமே குறிக்கும். இரண்டு எழுத்துக்கும் ஜப்பானிய வாசிப்பில் 'கரா' என்ற ஒரே ஒலி உண்டு என்பதால் மாற்றம் எளிதாயிற்று. ஆக, 'சீனக் கை' என்று பிறந்தகத்தைப் பெயரிலேயே சுமந்திருந்த ஒரு கலை, ஒரே கூட்டத்தில் அந்த முகவரியைத் துறந்தது. அழிக்கப்பட்ட முகவரி எது, அங்கே போய்க் கற்றுவந்தவர்கள் யார், எந்த வழியில் போனார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

சீனத் தற்காப்புக் கலையைக் கற்கக் கடல் கடந்தவர்களைப் பற்றி நம் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. ஊரைத் துறந்த இளைஞன், பனி மூடிய மலை, மடத்து வாசலில் தவம், கடைசியில் மனமிரங்கும் கிழட்டு ஆசான். திரைப்படங்கள் இந்தப் படத்தை வளர்த்தன. கலையைக் கற்பிப்பவர்களும் தங்கள் பங்குக்கு அதற்கு மெருகேற்றினார்கள். இப்படிப்பட்ட பயணங்களில் மிக நீண்ட வரலாறும் மிகப் பெரிய விளைவும் கொண்ட ஒன்றை, அதாவது ஒக்கினாவாக்காரர்கள் சீனத்தின் ஃபூசோ நகருக்குப் போய்வந்ததை, எடுத்துப் பார்த்தால் மலையும் மடமும் காணாமல் போகின்றன. அவற்றின் இடத்தில் ஒரு துறைமுகமும், வெளிநாட்டார் தங்கும் விடுதியும், துபாஷிகளும், தேயிலை வியாபாரியும், பச்சிலை வைத்தியர்களும் வந்து நிற்கிறார்கள். போர்க்கலையைத் தேடும் வீர யாத்திரை என்று ஒன்று தனியாக நடக்கவில்லை. அரசுகளுக்கிடையே ஓடிய திறை வணிகத்தின் வழியே மற்ற படிப்புகளோடு சேர்ந்து வந்த படிப்பு அது. இதுவே என் வாதம்.

ஒக்கினாவா அன்று ரியூக்கியூ என்னும் தனி அரசு. 1372 முதல் மிங் பேரரசுக்குத் திறை செலுத்தத் தொடங்கியது. திறை என்றவுடன் தோற்றவன் கட்டும் கப்பத்தை நினைக்க வேண்டியதில்லை. சிற்றரசு பொருள் அனுப்பும். பேரரசு அதற்குப் பதில் வரிசை தரும். கூடவே வந்த சரக்கை விற்று வாங்க அனுமதியும் கிடைக்கும். மரியாதைச் சடங்கின் பெயரில் நடந்த வணிகம் அது. இந்தப் போக்குவரத்துக்குக் கப்பலோட்டவும் ஆவணம் எழுதவும் ஆள் வேண்டும் என்பதற்காக, ஃபுஜியன் மாகாணத்துக் குடும்பங்கள் 1392 வாக்கில் நாஹாவுக்கு அருகே குமே என்ற குடியிருப்பில் வந்து தங்கின. 'முப்பத்தாறு குடும்பங்கள்' என்பது வழக்கு. அந்த எண்ணைக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்; 'நிறைய' என்ற பொருளில் வந்திருக்கலாம். எதிர்க்கரையில், 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபூசோ நகரம் ரியூக்கியூக் கப்பல்களுக்குரிய துறையாயிற்று. தூதுக்குழுவில் சிலர் மட்டும் பெய்ஜிங் வரை போவார்கள்; மற்றவர்கள் ஃபூசோவில் அவர்களுக்கென்று இருந்த விடுதியில் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். 1609-இல் ஜப்பானின் சத்சுமாப் படை தீவைக் கைப்பற்றிய பிறகும் இந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. சீன வணிகத்தின் லாபம் தேவைப்பட்டதால் சத்சுமாவே அதைத் தொடரவிட்டது.

இந்த வழியில் என்னென்ன வந்தன என்று பார்த்தால் வாதம் தெளியும். 1605-இல் நொகுனி சோகான் என்ற திறைக் கப்பல் அலுவலர் ஃபுஜியனிலிருந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்தார். பஞ்சத்தில் தீவைக் காத்த பயிர் அது. 1688-இல் தகாமினே தொகுமெய் என்ற துபாஷி, பிளவுபட்ட உதட்டைச் சேர்த்துத் தைக்கும் சிகிச்சையை ஃபூசோவில் கற்றுத் திரும்பி, அடுத்த ஆண்டே அரசரின் பேரனுக்கு அதைச் செய்தார். அரசுச் செலவில் பெய்ஜிங் போய் உயர்கல்வி பெற்றவர்கள் சிலர். சொந்த ஏற்பாட்டில் ஃபூசோவில் தங்கி மொழி, பஞ்சாங்கக் கணிப்பு, வைத்தியம் என்று கைக்குதவும் படிப்பைக் கற்றவர்கள் இன்னொரு வகை. குத்துச்சண்டையும் அடிமுறையும் இந்த இரண்டாம் வகைப் படிப்போடு சேர்கின்றன. விடுதியில் மாதக்கணக்கில் தங்கும் இளைஞன், சாயங்காலத்தில் பக்கத்துத் தெரு ஆசானிடம் போகிறான். அதற்கு முன்பே பேச்சு மொழி தெரியும், ஊரில் அறிமுகமும் உண்டு. இந்த இரண்டும் இல்லாதவன் ஆசானை அடைய வழியே இல்லை.

'இதற்கெல்லாம் ஆவணம் உண்டா' என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார். 1945-இல் நடந்த ஒக்கினாவாப் போரில் ஷுரி அரண்மனையோடு ஏராளமான ஏடுகளும் எரிந்துபோயின. இன்னார் இன்னாரிடம் இத்தனை ஆண்டு பயின்றார் என்று சொல்லும் சமகாலச் சான்று, 19-ஆம் நூற்றாண்டுக்கு முன்பு அநேகமாக இல்லை. ஆனாலும் இரண்டு சான்றுகள் தப்பியிருக்கின்றன. 1762-இல் ரியூக்கியூக் கப்பல் ஒன்று புயலில் சிக்கி ஜப்பானின் தோசா கரையில் ஒதுங்கியது. அதில் வந்தவர்களை விசாரித்து உள்ளூர் அறிஞர் ஒருவர் எழுதிய குறிப்பில், சில ஆண்டுகளுக்கு முன் சீனாவிலிருந்து சீடர்களோடு வந்த குசான்கு என்பவர், உடல் வலு இல்லாதவரும் வலியவரைச் சாய்க்கும் ஒரு பிடிமுறையைச் செய்து காட்டியதாக இருக்கிறது. 1756-இல் சீனத் தூதுக்குழு தீவுக்கு வந்தது. அந்தப் போக்குவரத்தோடுதான் குசான்குவின் வருகையையும் பலர் பொருத்திப் பார்க்கிறார்கள். இரண்டாவது சான்று 1867-ஐச் சேர்ந்தது. கடைசி ரியூக்கியூ அரசருக்குச் சீனத் தூதர்கள் வந்து முடிசூட்டிய சடங்கை ஒட்டி நடந்த விழாவில், குமே மக்கள் நடத்திக்காட்டிய நிகழ்ச்சிகளின் பட்டியல் கிடைத்திருக்கிறது. 'பதின்மூன்று' என்ற பெயரிலும் 'நூற்றெட்டு' என்ற பெயரிலும் வெறுங்கைப் பயிற்சிகள் அதில் இடம்பெற்றிருக்கின்றன. இரண்டு சான்றிலும் கலை வெளிப்படும் இடம் தூதுக்குழுவைச் சுற்றியே இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றிலும் மடம் இல்லை.

அந்த எண்பெயர்களைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். கராத்தேயில் தனியாக நின்று செய்யும் வரிசைப் பயிற்சிக்குக் 'கட்டா' என்று பெயர். நாஹா வழியில் வந்த கட்டாக்களில் செய்சான், சான்செய்ரு, சுபாரின்பெய் என்று மூன்று உண்டு. எழுத்தில் இவை முறையே 13, 36, 108. ஆனால் ஜப்பானிய மொழியில் பதின்மூன்றுக்கு 'ஜூசான்', நூற்றெட்டுக்கு 'ஹியாகுஹாச்சி'. செய்சானும் சுபாரின்பெய்யும் அந்த மொழியின் எண்கள் அல்ல. 'சுபாரின்பெய்' ஃபூசோ வட்டாரப் பேச்சில் நூற்றெட்டைச் சொல்லும் விதத்தின் சாயல். எழுத்தைப் பார்த்துப் படித்தவன் தன் மொழி ஒலியில்தான் அதை வாசிப்பான். ஆசான் வாயால் எண்ணிச் சொன்னதைக் காதால் கேட்டுத் திருப்பிச் சொன்னவனின் நாக்கில்தான் இப்படி அயல் ஊர்ப் பேச்சு தங்கும். புத்தகம் பார்த்தோ, எங்கோ ஒரு முறை வேடிக்கை பார்த்தோ கற்றதல்ல, பக்கத்தில் நின்று கற்றது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. எரிந்துபோன ஏட்டில் இருந்திருக்கக்கூடியது இந்தப் பெயர்களில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

தனிமனிதர்களின் கதை 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் தெளிவாகக் கிடைக்கிறது. 1853-இல் நாஹாவில் பிறந்த ஹிகாவொன்னா கன்ரியோ, படகில் விறகு கொண்டுவந்து விற்கும் குடும்பத்துப் பிள்ளை. அவருக்கு முதலில் கற்றுத் தந்தவர் அரகாகி செய்ஷோ; அரசவையில் சீன மொழித் துபாஷியாக இருந்தவர், 1867 விழாவிலும் கலந்துகொண்டவர். கன்ரியோ 1870-களில் ஃபூசோ போனார். எத்தனை ஆண்டு தங்கினார் என்பதில் மூன்றிலிருந்து பதினைந்து வரை பல கணக்குகள் உண்டு. அவருடைய ஆசான் பெயர் 'ரூ ரூ கோ' என்று வாய்மொழியாக வந்திருக்கிறது; அந்த மனிதர் யார் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 'ஒலிக்கும் கொக்கு' முறையின் சியே சோங்சியாங் என்று சொல்வோர் உண்டு. ஆனால் அவர் 1852-இல் பிறந்தவர். கன்ரியோவைவிட ஒரே ஒரு வயது மூத்தவர். மலையில் வாழ்ந்த வெண்தாடிக் கிழவரைத் தேடுகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நமக்கு முக்கியம் இதுதான்: விறகுக்காரர் மகனை ஃபூசோவோடு இணைத்த கண்ணி ஒரு துபாஷி.

இங்கே என் வாதத்துக்கு எதிராக வலுவான ஒரு கேள்வி எழும். 1875-இல் ஜப்பான் திறையை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. 1879-இல் ரியூக்கியூ அரசையே கலைத்து ஒக்கினாவா மாவட்டமாக்கியது; அரசர் தோக்கியோவுக்குக் கொண்டுபோகப்பட்டார். திறைதான் வழி என்றால், திறை நின்ற பிறகு பயணமும் நின்றிருக்க வேண்டும். பின்னாளில் உவேச்சி மரபைத் தந்த உவேச்சி கன்பூன் ஃபூசோ போனது 1897-இல் அல்லவா? உண்மைதான். ஆனால் அரசு போனதும் அரசு போட்ட பாதை உடனே அழிந்துவிடுவதில்லை. 1879-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரியூக்கியூப் பிரமுகர்கள் பலர் ஃபூசோவுக்குத் தப்பிப்போய், சீனப் பேரரசு தலையிட வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். மனு பலிக்காமல் 1880-இல் பெய்ஜிங்கில் தற்கொலை செய்துகொண்டவரும் உண்டு. பழைய விடுதியும் பழைய உறவுகளும் இப்போது அகதிகளுக்கு உதவின. கன்பூன் போனதும் அந்தத் தடத்தில்தான். அடுத்த ஆண்டு, 1898-இல், கட்டாய ராணுவச் சேவை ஒக்கினாவாவுக்கும் வந்தது. அதிலிருந்து தப்புவதும் பயணத்துக்கு ஒரு காரணம் என்று அவர் மரபினரே சொல்கிறார்கள். அவர் முதலில் போய்ச் சேர்ந்தது, குமே வழிவந்த கோஜோ குடும்பத்தார் ஃபூசோவில் நடத்திய பயிற்சிக்கூடத்தில். சீனாவுக்குப் போய் ஒக்கினாவாக்காரரிடம் சேர்ந்தார் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஐந்து நூற்றாண்டுப் பழக்கம் எங்கே கொண்டுபோய்விடுமோ அங்கே போனார், அவ்வளவுதான்.

கோஜோ கூடத்தில் தன் பேச்சைக் கேலி செய்ததால் கன்பூன் வெளியேறி, சோவ் சிஹே என்ற ஆசானிடம் சேர்ந்தார் என்பது அந்த மரபின் வரலாறு. பதின்மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். சண்டையோடு பச்சிலை வைத்தியத்தையும் கற்றார். சீன மண்ணிலேயே ஆசானாகவும் இருந்தார். அவருடைய மாணவர் ஒருவர் நிலத் தகராறில் ஓர் ஆளைக் கொன்றுவிட, மனம் நொந்து 1910 வாக்கில் ஊர் திரும்பி, யாருக்கும் கற்றுத்தராமல் விவசாயம் பார்த்தார். பிறகு பிழைப்புக்காக ஜப்பானின் வகாயாமாவுக்குப் போய் நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இருந்த ஒக்கினாவா இளைஞர் ஒருவர் விடாமல் கேட்டுக்கேட்டுத்தான் 1920-களின் நடுவில் மீண்டும் வாய் திறந்தார். பதின்மூன்று ஆண்டுப் படிப்பிலிருந்து அவர் கொடுத்த கட்டாக்கள் மூன்றே மூன்று: சான்சின், செய்சான், சான்செய்ரு. இன்று உவேச்சி மரபு என்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் முறை இந்த மூன்றின் மேல் நிற்கிறது. ஒரு வாரப் பயிற்சி முகாமில் பத்து வரிசை கற்றுத்தரும் இந்தக் காலத்தில், அந்த விகிதத்தை யோசித்துப் பார்க்கலாம்.

சண்டையோடு வைத்தியம் வந்ததும் தற்செயல் அல்ல. ஒக்கினாவா ஆசான்கள் கையால் படியெடுத்துக் காத்துவந்த 'புபிஷி' என்ற சுவடியில் ஃபுஜியனின் வெண்கொக்கு முறை, உடம்பின் ஆபத்தான புள்ளிகள், அடிபட்டால் போடும் மருந்து எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. தென் தமிழகத்தில் அடிமுறை ஆசானே வர்ம வைத்தியராகவும் இருப்பதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. எலும்பை முறிக்கத் தெரிந்தவனே எலும்பைக் கட்டவும் தெரிந்தவன். ஊரில் அவன் பிழைப்பு பெரும்பாலும் கட்டுவதில்தான். போக்குவரத்து ஒருபக்கமாகவும் இல்லை. ஃபூசோவிலிருந்து தேயிலை வியாபாரியாக நாஹாவுக்கு வந்து குடியேறிய கோ கென்கி, வெண்கொக்கு முறை தெரிந்தவர். நாஹா ஆசான்கள் பலர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஹிகாவொன்னாவின் மாணவர் மியாகி சோஜுன், ஆசானின் ஆசானைத் தேடி 1915-இல் ஃபூசோ போனார். தேடிய மனிதர் உயிரோடு இல்லை. ஆனால் தேயிலைக் கடைக்காரர் நாஹாவிலேயே இருந்தார்.

இன்னொரு மறுப்பு: 'தீவில் ஏற்கெனவே "தீ" என்ற சொந்தக் கைக்கலை இருந்தது, சீனப் பயணத்துக்கு ஏன் இவ்வளவு மகிமை?' இருந்திருக்கும். கை உள்ள ஊரிலெல்லாம் கைச்சண்டை உண்டு. ஷுரி வழி ஆசான்களின் கலையில் உள்ளூர்ப் பங்கும் ஜப்பானிய வாள்கலையின் பாதிப்பும் கூடுதல் என்பதையும் ஏற்கலாம். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்குத் துணையாகவே நிற்கிறது. பயணி ஒரு கலையை முழுசாகப் பெட்டியில் வைத்துத் தூக்கி வரவில்லை. ஒரு துண்டைக் கொண்டுவந்து உள்ளூர் மண்ணில் நட்டார். சான்சின் கட்டாவைப் பாருங்கள். பெயருக்கு 'மூன்று போர்' என்று பொருள். இதே பெயரில் ஃபுஜியன் முறைகள் பலவற்றிலும் அடிப்படைப் பயிற்சி உண்டு. பாதத்தைச் சற்று உட்புறமாகத் திருப்பி, இடுப்பை இறுக்கி, மூச்சோடு கையை மெல்ல நீட்டிச் சுருக்கும் மூன்றடி நடை அது. உவேச்சி மரபில் கை விரிந்திருக்கிறது. மியாகியின் கோஜு மரபில் முட்டி மூடியிருக்கிறது, மூச்சு இரைகிறது. இரண்டும் ஒரே நகரத்துக்குப் போய்வந்தவர்கள் கொடுத்தவை. 'எது அசல்' என்று சண்டை போடுவதில் பயனில்லை. துறைமுக நகரில் ஆசானுக்கு ஆசான் முறை வேறு. கற்றுவந்தவர்களும் தங்கள் பங்குக்கு மாற்றினார்கள். இறக்குமதியும் உருவாக்கமும் இங்கே ஒரே வேலையின் இரண்டு பகுதிகள்.

தமிழ் வாசகர் ஒருவர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, 'எல்லாம் நம் காஞ்சிபுரத்துப் போதிதருமர் கொண்டுபோய்க் கொடுத்ததுதானே' என்று சொல்லக்கூடும். 2011-இல் வந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் அந்த நம்பிக்கையை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. போதிதருமர் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு. ஆனால் அவரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சான்று, 547 வாக்கில் எழுதப்பட்ட லோயாங் நகர் மடங்களின் வரலாறு; அது அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. சண்டைக் கலை பற்றி ஆறாம் நூற்றாண்டுச் சான்று எதுவும் பேசவில்லை. அவர் பெயரில் உலவும் தசைநார்ப் பயிற்சி நூல் 17-ஆம் நூற்றாண்டில்தான் வெளிப்படுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. ஒரு பெரிய ஞானி கையோடு கொடுத்தார் என்று சொல்வதில் கவர்ச்சி இருக்கிறது. ஆனால் அந்தக் கவர்ச்சியின் நிழலில் துபாஷியும் தேயிலைக்காரரும் நூற்பாலைத் தொழிலாளியும் மறைந்துபோகிறார்கள். உண்மையில் சுமந்தவர்கள் அவர்கள்.

1936-இல் எழுத்தை மாற்றியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஜப்பான் சீனாவோடு முழுப் போரில் இறங்க ஓராண்டுகூட இல்லாத நேரம் அது. 'சீனக் கை' என்ற பெயரோடு ஜப்பானியப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவது கஷ்டம். போர் வந்தது, 1949-க்குப் பிறகு ஃபூசோ பல்லாண்டுகள் எட்டாத ஊராயிற்று. 1981-இல் நாஹாவும் ஃபூசோவும் சகோதர நகரங்களாயின. 1992-இல் குமேயில், ஃபுஜியன் குடும்பங்கள் முதலில் குடியேறிய அதே இடத்தில், ஃபூசோ பாணித் தோட்டம் ஒன்று திறக்கப்பட்டது. இதற்கிடையில், 1982-இல் வெளிவந்த 'ஷாவோலின் கோயில்' என்ற படத்துக்குப் பிறகு, கலை தேடிச் சீனா போகும் உலகத்தின் கூட்டம் ஹெனான் மாகாணத்து மலையடிவாரத்துக்குத் திரும்பியது. பல்லாயிரம் மாணவர்கள் படிக்கும் பள்ளிகள் அங்கே இருக்கின்றன. அங்கே போவதில் தவறில்லை. ஆனால் ஒக்கினாவாவின் வரலாறு சொல்வது இதுதான்: கற்றுத் திரும்பியவர்கள் மொழி தெரிந்தவர்கள் மூலம் போனார்கள், ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள், கொஞ்சமே கொண்டுவந்தார்கள்.

பெயரின் முதல் எழுத்தை மாற்றிய அந்தக் கூட்டத்தால் மாற்ற முடியாதது ஒன்று உண்டு. இன்றும் உலகக் கராத்தேப் போட்டிகளில் வீரர் களத்தில் வந்து நின்று, தான் செய்யப்போகும் கட்டாவின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். 'சுபாரின்பெய்' என்று அவர் சொல்லும்போது, தனக்கே தெரியாமல், ஃபூசோக்காரர்களின் பேச்சில் நூற்றெட்டு என்று எண்ணுகிறார்.